இடர்க்காலத்து விலையும் அரசின் கடமையும்



ஆண்டுதோறும் நிகழும் இச்சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், அது ஊராருடைய அன்றாட வாழ்க்கையைத் தொடும் ஒரு விஷயத்தைப் பற்றியதாகவே இருக்கவேண்டும் என்று விரும்பியதாக அறிகிறேன். பஞ்சமோ வெள்ளமோ கொள்ளைநோயோ வந்து சந்தையின் இயல்பான போக்கு தடைப்படும்போது, சரக்கைக் கையில் வைத்திருப்பவன் கேட்கும் விலைக்கு எல்லை வகுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா, உண்டென்றால் அந்த அதிகாரத்தை எந்த வகையில் செலுத்தினால் அது ஜனங்களுக்கு உண்மையான உதவியாக முடியும் என்ற கேள்வியை, 2024ஆம் ஆண்டின் கோடையில் இந்தப் பெங்களூர் நகரம் தண்ணீருக்காகப் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் எவரும் ஏட்டுச்சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது.

விலை ஏறுவதெல்லாம் குற்றமல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வரமகாலட்சுமி நோன்புக்கு முதல் நாள் மல்லேஸ்வரத்து எட்டாவது கிராஸ் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள்: முந்தின வாரம் கொடுத்த காசுக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுத்தால்தான் ஒரு முழம் கனகாம்பரம் கைக்கு வரும். சம்பிகே ரோட்டு நடைபாதையில் கூடையை வைத்துக்கொண்டு, முழங்கையை நீட்டி அளந்து பூவைக் கிள்ளிக் கொடுக்கும் அம்மாள், பேரம் பேசுகிறவர்களிடம், "இன்னிக்கு வெல இதான்க்கா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க, பாதிக்குத் தர்றேன்" என்று தமிழிலேயே பதில் சொல்லுகிறாள். அவள் சொல்வது சத்தியம். இரண்டு நாள் கழித்து விலை இறங்கத்தான் செய்கிறது. அந்த ஒரு நாளின் விலையை உத்தேசித்தே ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடியானவன் தன் தோட்டத்தைத் தயார் செய்கிறான். விலை கூடியிருக்கிறது என்ற சேதி கேட்டு இன்னும் தூரத்திலிருந்து வண்டிகள் வருகின்றன. வாங்குகிறவர்களும் நான்கு முழம் வாங்க நினைத்த இடத்தில் ஒரு முழத்தோடு திருப்தி அடைகிறார்கள். இங்கே சட்டத்துக்கு வேலை இல்லை.

ஆனால் பூ இல்லாமல் பூஜை செய்யலாம். தண்ணீர் இல்லாமல் ஒரு பகல் ஓட்ட முடியாது. வாங்குகிறவன் காத்திருக்க முடியாத நிலையில் இருக்கிறான் என்பது ஒன்று. எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தப் பொருள் அந்தக் கணத்தில் அதிகமாக விளைந்துவிடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருசேர வாய்க்கும் சந்தர்ப்பத்தில்தான் விலை தன் இயற்கையான தொழிலை, அதாவது சரக்கை வரவழைக்கும் தொழிலை, இழந்துவிட்டு, இருக்கிற சரக்கை மடியில் கனமுள்ளவனிடம் சேர்ப்பிக்கும் கருவியாக மட்டும் மிஞ்சுகிறது. அரசு தலையிட வேண்டிய இடம் இதுவே என்பது என் அபிப்பிராயம். எவ்வாறு தலையிடுவது என்பதில்தான் சரித்திரம் நமக்கு மிகக் கடுமையான பாடங்களைக் கற்பித்திருக்கிறது.

வியாபாரியின் லாபத்துக்கு வரம்பு கட்டும் எண்ணம் நமக்குப் புதியதல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 10 என்று லாபத்தை வரையறுத்து, அதை மீறினவர்களுக்கும், வணிகர்கள் கூடிப் பேசிச் சரக்கை முடக்கினால் அவர்களுக்கும் தண்டம் விதிக்கிறது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் கி.பி. 301இல் நூற்றுக்கணக்கான பண்டங்களுக்கு உச்சவிலை விதித்துக் கல்லில் வெட்டிவைத்தார். பண்டங்கள் சந்தையைவிட்டு மறைந்தன என்று அக்காலத்து ஆசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் இத்தனை தொலைவுக்குப் போவானேன்? நம் பாட்டன்மார் காலத்து வங்காளமே போதும்.

1942ஆம் வருஷத்தின் முற்பகுதியில் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. எதிரியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று கடலோர ஜில்லாக்களின் படகுகளை அரசாங்கமே அப்புறப்படுத்திவிட்டதால், நீர்வழியே நடந்துவந்த உள்நாட்டு வியாபாரமும் முடங்கியது. விலை ஏறத் தொடங்கவே, வங்காள அரசாங்கம் ஜூலை மாதம் முதல் தேதியிலிருந்து அரிசிக்கு உச்சவிலை விதித்து உத்தரவு போட்டது. உத்தரவு வந்ததும் அரிசி கடைகளைவிட்டு மறைந்தது. மறைந்த அரிசியைத் தேடி எடுக்க ஆட்பலமும் இல்லை, அதற்குப் பதிலாகக் கடையில் கொண்டுவந்து கொட்ட அரசாங்கத்தின் களஞ்சியத்தில் நெல்லும் இல்லை. அக்டோபரில் மேதினிபூரைப் புயல் தாக்கியது. உத்தரவு பயன்படவில்லை என்று கண்ட அரசாங்கம் 1943 மார்ச்சில் கட்டுப்பாட்டை அடியோடு நீக்கிற்று. நீக்கினால் சரக்கு தானே வெளிவரும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது: மார்ச் தொடக்கத்தில் கல்கத்தாவில் மணங்கு ஒன்றுக்குச் சுமார் 15 ரூபாயாக இருந்த சாதாரண அரிசி, மே மாத மத்தியில் 30 ரூபாயைத் தொட்டது. கூலியாளும் மீனவனும் வண்டிக்காரனும் அந்த விலையைக் கொடுக்க வகையற்று நகரத் தெருக்களில் விழுந்து மாண்டார்கள். அரசாங்கம் நியமித்த விசாரணைக் கமிஷனே மாண்டவர் தொகையைச் சுமார் 15 லட்சம் என்று மதிப்பிட்டது; பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அதை இன்னும் மிகுதியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கல்கத்தாவுக்கு முறையான பங்கீடு கிடைத்தது 1944ஆம் வருஷம் ஜனவரி இறுதியில்.

இந்தக் கொடுமையை எடுத்துக்காட்டி, விலைக்கட்டுப்பாடு எப்போதும் தீது என்று வாதிப்பவர்கள் 1942ஐ மட்டும் காட்டுகிறார்கள்; கட்டுப்பாடு இல்லாமைதான் தீது என்பவர்கள் 1943ஐ மட்டும் காட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் உட்பொருள் விளங்குகிறது. விலையை விதித்தபோதும் அரசாங்கத்தின் கையில் சரக்கு இல்லை, விலையை விடுவித்தபோதும் இல்லை. ஆகவே இரண்டு உத்தரவுகளும் காகிதமாகவே போயின. பட்டினிச் சாவைப் பற்றிய அமர்த்தியா சென்னின் 1981ஆம் ஆண்டு நூல், அரிசியின் மொத்த அளவைக் காட்டிலும் அதை வாங்கும் சக்தி எவரெவர் கையிலிருந்து நழுவிற்று என்பதைப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தியதும் இந்த வங்காளத்தை முன்வைத்துத்தான்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் நம் சென்னை ராஜ்யத்திலேயே உண்டு. இந்த நகரத்தின் சென்ட்ரல் கல்லூரியில் படித்தவரான ராஜாஜி, 1952 ஏப்ரலில் முதலமைச்சராகி, ஜூன் மாதத்தில் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டையும் எடுத்துவிட்டார். யுத்தகாலம் முதல் ரேஷன் அட்டையையே நம்பிப் பழகிவிட்ட ஜனங்களுக்கு அது திகிலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மத்திய உணவு மந்திரி ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார், வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமையும் சேர்ந்து மத்திய அரசின் கையிருப்பு திடமாக இருந்தது. அந்தக் காரியம் பலித்ததற்கு ராஜாஜியின் துணிவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். துணிவு இருந்தது, மறுக்கவில்லை. அந்தத் துணிவுக்குப் பின்னால் தானியம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி, இன்றைய சட்டத்தைப் பார்ப்போம். யுத்தகால விதிகளின் வாரிசாக வந்த 1946ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டத்துக்குப் பதிலாக 1955இல் நிறைவேறியதே இன்றும் நடைமுறையிலுள்ள அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். விலை விதிக்கவும், இருப்புக்கு வரம்பு கட்டவும், பதுக்கிய சரக்கைப் பறிமுதல் செய்யவும் அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. மீறினவர்களுக்கு ஏழாண்டு வரை சிறை. கள்ளச்சந்தைக்காரரை விசாரணையின்றி ஆறு மாதம் வரை காவலில் வைக்க 1980இல் மற்றொரு சட்டமும் வந்தது. பார்வைக்கு இவை மிகக் கடுமையானவை. ஆனால் முதற்சட்டம் தன் அட்டவணையில் உள்ள பண்டங்களை மட்டுமே ஆளும். மருந்து, உரம், எண்ணெய் வித்துக்கள் உள்ளிட்ட உணவுப் பொருள்கள், பருத்தி நூற்சிட்டம், பெட்ரோலியம், கச்சாச் சணல், விதைகள் என்று ஏழே இனங்கள். குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் அதில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை. பந்த் நாளில் ஓடும் வாடகை வண்டி இல்லை. நெருக்கடிக் காலத்தில் எந்தப் பண்டமானாலும் நியாயத்துக்கு மிஞ்சி விலை கேட்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லும் சட்டம் நம் தேசத்தில் இல்லை.

அட்டவணையில் இல்லாததை அவசரத்துக்குச் சேர்க்கலாம். 2020 மார்ச் 13ஆம் தேதி முகக்கவசத்தையும் கைச்சுத்திகரிப்பானையும் அவ்வாறே மத்திய அரசு சேர்த்தது. 21ஆம் தேதி, மூன்று அடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், இரண்டு அடுக்கு 8 ரூபாய், 200 மில்லி சுத்திகரிப்பான் 100 ரூபாய் என்று உச்சவிலை வந்தது. ஜூன் 30க்குப் பிறகு அந்த ஏற்பாட்டை நீட்டிக்கவில்லை. நீட்டிக்க அவசியமும் ஏற்படவில்லை, ஏனெனில் அதற்குள் தையற்கூடங்களும் சாராய ஆலைகளும் அந்தத் தொழிலில் இறங்கிச் சந்தையை நிரப்பிவிட்டன. குறுகிய காலம், தெளிவான விலை, பின்னாலேயே சரக்கு. இதே அளவுகோலை இலங்கையின்மீது வைத்துப் பார்த்தால் மனம் வருந்துகிறது. 2021 ஆகஸ்ட் இறுதியில் அங்கே அவசரகால விதிகளைப் பிறப்பித்து, இராணுவ அதிகாரி ஒருவரை அத்தியாவசிய சேவைகளின் ஆணையாளராக்கி, கிடங்குகளைச் சோதனையிட்டு, அரிசிக்கும் சீனிக்கும் உச்சவிலை விதித்தார்கள். இறக்குமதிக்கு டாலர் இல்லை. இரசாயன உரத் தடையால் அடுத்த போகத்தின் விளைச்சலும் சந்தேகத்துக்குரியதாயிற்று. செப்டம்பர் முடிவதற்குள் அரிசிக்கான வரம்பை நீக்கினார்கள். அக்டோபரில் பால்மாவு, சமையல் வாயு முதலியவற்றின் வரம்பும் போயிற்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு, வரம்பு இருந்தபோது பண்டம் கிடைக்கவில்லை. வரம்பு நீங்கியபோது கையில் பணம் போதவில்லை.

அமெரிக்க ராஜ்யங்கள் வேறொரு வழியை மேற்கொண்டிருக்கின்றன. நியூயார்க் ராஜ்யம் 1979இல், சந்தை குலைந்திருக்கும் வேளையில் மனச்சாட்சிக்கு ஒவ்வாத மிகை விலை கேட்பதைத் தடுத்துச் சட்டம் செய்தது. கலிபோர்னியாவில், நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டவுடனே, முன்னிருந்த விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்துக்கு அதிகமாக ஏற்றுவது பொதுவாக 30 நாளைக்குக் குற்றமாகிறது. தன்னுடைய செலவே கூடிவிட்டது என்று வியாபாரி நிரூபித்தால் விலக்கு உண்டு. இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று: விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. புயல் வந்த பிறகு அதிகாரி உட்கார்ந்து கணக்குப் போடவேண்டியதில்லை. புயலுக்கு முன்பே கடைக்காரனுக்கும் தெரியும், வாடிக்கைக்காரனுக்கும் தெரியும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மல்லேஸ்வரம் தண்ணீர் விஷயத்தில் ஓரளவு பாக்கியம் பெற்ற பேட்டை. 1898ஆம் வருஷத்துப் பிளேக் நோய்க்குப் பிறகு, காற்றும் வெளிச்சமும் உள்ள இடம் தேடி வந்தவர்களால் பெருகியது. பக்கத்திலேயே 1882இல் கட்டிய சாங்கி ஏரி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர், 1974 முதல் நகரத்துக்குக் காவேரி. ஆனால் பிற்காலத்தில் நகரத்தோடு சேர்த்துக்கொள்ளப்பட்ட 110 கிராமங்களின் கதை வேறு. அங்கே அடுக்குமாடிகள் முதலில் எழுந்தன. குழாய் பின்னால் வருவதாக இருந்தது. குழாய் வரும்வரை ஆழ்துளைக் கிணறும் டேங்கரும். 2023இல் மழை பொய்த்தது. 2024 மார்ச்சில் முதலமைச்சர் சித்தராமையா கொடுத்த கணக்கின்படி, நகரத்தின் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன. நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர் பற்றாக்குறை.

டேங்கர் விலை மளமளவென்று ஏறிற்று. 12,000 லிட்டர் வண்டி 1,200 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்கு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. மார்ச் 7ஆம் தேதி பெங்களூர் நகர ஜில்லா நிர்வாகம் விலை விதித்தது. 5 கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700, 12,000 லிட்டருக்கு 1,000. 5 முதல் 10 கிலோமீட்டர் வரை என்றால் முறையே 750, 850, 1,200. டேங்கர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல் செய்யப்படும் என்று துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார் எச்சரித்தார். அப்போது நகரத்தில் இருந்த சுமார் 3,500 டேங்கர்களில் அதுவரை பதிவானவை 219.

இந்த உத்தரவை நான் குறைகூறப் போவதில்லை. தூரத்துக்கேற்ப விலையைப் பிரித்தது விவேகமான காரியம். தண்ணீர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறதோ அவ்வளவுக்கு டீசலும் நேரமும் செலவாகும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் பக்கத்துக் கிணறுகள் வற்றின வருஷத்தில் வண்டிகள் ஆனேக்கல், ஹொஸகோட்டைப் பக்கம் போய்த் தண்ணீர் எடுத்துவரும்போது, 10 கிலோமீட்டரோடு நின்றுவிடும் அட்டவணை எந்த வண்டிக்காரனுக்கு வழிகாட்டும்? அவன் பதிவு செய்யாமல் ஒதுங்கி நின்றதற்குப் பேராசை ஒன்றே காரணம் என்று நான் நம்பவில்லை.

இதனினும் முக்கியமான குறை ஒன்று உண்டு. அதை நேரில் பார்த்தேன். அந்தக் கோடையில் நகரின் கிழக்குக் கோடியில், உறவினர் ஒருவரின் அடுக்குமாடி வாசலில் டேங்கர் வந்து பின்பக்கமாக நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பச்சைக் குழாயைச் சம்பு எனப்படும் நிலத்தடித் தொட்டிக்குள் விட்டு வால்வைத் திறந்தார். வண்டியின் பக்கவாட்டில் 6,000 லிட்டர் என்று மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தது. தண்ணீர் நின்றதும் காவலாளி, சம்பின் சுவரில் ஈரம் ஏறியிருக்கும் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, நோட்டில் 6,000 என்றே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆறாயிரம் வந்ததா, ஐயாயிரம் வந்ததா என்று அறிய அவருக்கு வேறு வழியில்லை. பெட்ரோல் ஏற்றும் லாரியின் கொள்ளளவை எடையளவுத் துறை சோதித்து முத்திரையிடுகிறது. தண்ணீர் வண்டிக்கும் அந்த முத்திரை இல்லாதவரை, லிட்டருக்கு இன்ன விலை என்று விதிப்பது பாதி உத்தரவுதான். விலையை ஏற்ற முடியாதவன் அளவைக் குறைத்துக்கொள்வான்.

பொருளாதார சாஸ்திரிகள் எழுப்பும் ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். விலை ஏறினால்தான் ஜனங்கள் சிக்கனமாக இருப்பார்கள், தூரத்துச் சரக்கு வரும் என்கிறார்கள் அவர்கள். சிக்கனம் வேண்டும், ஆனால் அந்த மார்ச் மாதத்தில் குடிநீரால் காரைக் கழுவினால், தோட்டத்துக்குப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று நீர் வாரியம் போட்ட உத்தரவு, வீண்செலவை நேராகத் தாக்கிற்று. விலையின் மூலம் வரும் சிக்கனமோ, நீச்சல்குளம் உள்ளவனை விட்டுவிட்டுக் குடத்துக்கு நிற்பவனிடம் முதலில் போய்ச் சேருகிறது. தூரத்துச் சரக்கைப் பற்றிய வாதம் பூவுக்குப் பொருந்தியது போல் நிலத்தடி நீருக்கு முழுவதும் பொருந்தாது. டேங்கர்காரன் விற்பது தான் உண்டாக்கிய பொருளல்ல. மண்ணுக்கு அடியிலுள்ளது மண்ணுக்குடையவனுக்கே என்ற பழைய ஆங்கிலேயச் சட்டக்கொள்கை, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைகள் சட்டத்தில் எழுத்தில் ஏறி, இன்றளவும் நம்மை ஆட்டிவைக்கிறது. ஒருவன் விலை ஏறினதற்காக இரவும் பகலும் இறைத்தால் அண்டை வீட்டுக் கிணறு வற்றுகிறதே ஒழிய, புதுத் தண்ணீர் பிறப்பதில்லை.

சென்னை இவ்விஷயத்தில் நமக்கு முன்னே போயிருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். நிலத்தடி நீரை எடுத்து லாரியில் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று 1987லேயே அங்கே சட்டம் வந்தது. சட்டத்தின் அமல் குறையுடையதுதான். 2019இல் பூண்டி முதல் செம்பரம்பாக்கம் வரை ஏரிகள் வறண்டபோது தனியார் லாரியின் விலை அங்கும் பலமடங்கு ஏறிற்று. எனினும் குடிநீர் வாரியத்துக்கென்று அதன் சொந்த விலையில் ஓடும் லாரிகள் இருந்தன, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு நடைக்கு 25 லட்சம் லிட்டராக ரயிலில் காவேரித் தண்ணீர் வந்தது. தனியார் லாரியின் பின்னால் போலீஸ்காரரை அனுப்புவதைக் காட்டிலும், அதன் பக்கத்தில் வாரியத்தின் லாரியை நிறுத்துவது விலையை அதிகமாக அடக்கும் என்பதே என் துணிபு. இங்கும் அந்த ஞானம் வந்துகொண்டிருக்கிறது. 2024 அக்டோபர் 16இல் தொடங்கிய காவேரி ஐந்தாம் கட்டம், அந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். 2025 மே மாதத்தில் நீர் வாரியம் 'சஞ்சாரி காவேரி' என்ற பெயரில், பதிவு செய்தால் வீட்டுக்கு வரும் டேங்கர் சேவையையும் ஆரம்பித்தது.

ஆயினும் அடுத்த வறட்சிக்கு முன் கர்நாடக சட்டசபை செய்யவேண்டிய காரியம் ஒன்று மிச்சமிருக்கிறது. நீர் நெருக்கடி அறிவிக்கப்பட்ட நாளிலேயே தானாக அமலுக்கு வரும் விலைவிதி ஒன்றை, அமைதியான காலத்தில், டேங்கர்காரர்களையும் குடியிருப்போரையும் கூட்டி வைத்துப் பேசி எழுதிவைக்க வேண்டும். அதில் 10 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தூரத்துக்கும் இடம் வேண்டும், வண்டியின் கொள்ளளவுக்கு அரசு முத்திரை வேண்டும், வாரியத்தின் வண்டிகள் இத்தனை தெருவில் இறங்கினாலொழிய விலைவரம்பு நீடிக்காது என்று அரசையே கட்டுப்படுத்தும் ஷரத்து வேண்டும்.

அந்த விதியில் சம்பு இல்லாதவர்களை மறந்துவிடக் கூடாது. 6,000 லிட்டரை ஏற்றுக்கொள்ளச் சம்பு உள்ளவனைப் பற்றித்தான் 2024இன் அட்டவணை பேசிற்று. கட்டடத் தொழிலாளியும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணும் குடிதண்ணீர் வாங்குவது, நாணயம் போட்டால் 20 லிட்டர் தரும் சுத்திகரிப்பு நிலையத்தில். அந்தக் கோடையில் அத்தகைய நிலையங்கள் பலவற்றில் ஆளுக்கு ஒரு கேன் என்றார்கள். சிலவற்றில் 5 ரூபாயாக இருந்த விலை 10 ரூபாயாயிற்று. டேங்கர் விலை ஏறிய விகிதத்தைக் காட்டிலும் இது அதிகம். ஆகையால் விலைவிதி எழுதப்படும்போது அதன் முதல் வரி அந்த 20 லிட்டர் கேனுக்கு ஆகட்டும். ஆறாயிரமும் பன்னிரண்டாயிரமும் அதற்கு அடுத்து வரட்டும்.